தொப்புள்கொடித் தலைவர்

"குழந்தை அழுகிறது என்பதற்காகத் தொப்புள்கொடியை யாராவது அறுப்பார்களா?"

இப்படி ஒரு கேள்வியை ஒரு நாட்டின் தலைவர் கேட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால், டி.வி.யில். வலது கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கண் கலங்கக் கேட்டார்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். எனக்கெதற்கு வம்பு? கடலைத் தாண்டி எங்கோ இருக்கிறது. அங்கே ஆறு மாதமாக எதுவும் சரியில்லை. பெட்ரோலுக்கு வரிசை, பால் பவுடருக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. பாதி நாள் கரண்ட் கிடையாது. ஜனங்கள் குடையும் பாயுமாக வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். 'நீங்கள் போதும், வேறு யாராவது பார்க்கட்டும்' – இதுதான் அவர்கள் கேட்பது. அதற்கு மனிதர் சொன்ன பதில்தான் இது. நாடு பச்சைக் குழந்தையாம். தான் அதன் தொப்புள்கொடியாம். குழந்தை அழுகிறதே என்று கொடியை அறுக்கலாமா?

கேட்டதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்குத் தெரியாது... சரி, முறையாகச் சொல்கிறேன்.

நாங்கள் இதைப் பார்த்தது ரெஜினாவின் போனில். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை வைத்தது, இருக்கிறது. அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. இந்த வருட கிறிஸ்துமஸ் குடிலுக்கான முதல் கூட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால மழை, அவசரமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு எங்கள் குடிலைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டகை முழுவதையும் அடைத்துக்கொண்டு மலை, குகை, ஓடை, மேய்ப்பர்கள், ஆடுகள், ஒட்டகத்தில் வரும் மூன்று ராஜாக்கள் எல்லாம் வைப்போம். பழைய ஆட்கள் இன்னும் 'கிரேஷ்' என்று பிரெஞ்சில்தான் சொல்வார்கள். உழவர்கரையிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதற்குத் தலைவர் நான்தான். தேர்தலெல்லாம் நடக்கவில்லை. முதல் வருடம் சுத்தியல் என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆன பிறகு இந்தத் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'குடில் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால்காரருக்கும் குடில் சார், கூரியர்காரருக்கும் குடில் சார். ஆபீஸில் நான் எழுந்த நாற்காலியில் மறுநாள் காலையே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கென்று மிச்சம் இருந்தது இந்த ஒரு பட்டம். அதுவும் போய்விட்டால் நான் யார்? 

இந்த வருடம் அந்தப் பட்டம் ஆடிக்கொண்டிருந்தது. காரணம், புல்.

குடிலுக்கான புல்லை நாங்களே வளர்ப்போம். பழைய தட்டுகளில் மண்ணைப் பரப்பி, கேழ்வரகைத் தூவி, தண்ணீர் தெளித்து வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று வந்துவிடும். அதை அப்படியே எடுத்துக் குடிலில் வைத்தால் புல்வெளி. எந்தத் தேதியில் விதைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போன வருடம் ரெஜினா, "டிசம்பர் பன்னண்டு வாக்குல போட்டா சரியா இருக்கும் சார்" என்றாள். நான் தலைவர் இல்லையா? "திருவருகைக் காலத்து முதல் ஞாயிறே, கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னாடியே விதைக்கணும். அதுதான் முறை" என்றேன்.

அப்படி ஒரு முறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. வாயில் வந்தது, சொன்னேன். சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் புல் ஒன்றரைச் சாண் வளர்ந்து நின்றது. ஆடுகள் மொத்தமும் உள்ளே மூழ்கிவிட்டன. ஒட்டகத்தின் முதுகு மட்டும் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு குழந்தை, "ஆடெல்லாம் எங்க?" என்று கேட்டது. "மேயப் போயிருக்குதும்மா, பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்" என்றார் எங்கள் லூர்துசாமி. ஒரு வருடமாக இந்தத் தெரு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

ரெஜினாவுக்கு முப்பத்தொரு வயது. கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்வது தொழில். அவள் கையில் தெர்மோகோலைக் கொடுத்தால் அரை மணியில் அரண்மனை எழும்பிவிடும். மூன்று வருடமாகக் குடிலுக்கு ஒரு டிராயிங் போட்டுக் கொண்டு வருகிறாள். நான் "பாக்கறேம்மா" என்று வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைப்பேன். அன்றைக்கும் வைத்தேன். இந்த முறை தலைமை யார் என்று பேசி முடித்துவிட வேண்டும் என்று நாலைந்து பேர் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை எப்படித் தள்ளிப்போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் போனை நீட்டினாள்.

"இதப் பாருங்க சார், இன்னா பேசறாருன்னு."

பார்த்தோம். சிரித்தோம். லூர்துசாமி மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு ஒரு அப்பார்ட்மெண்டில் செக்யூரிட்டி.

"அவரு சொல்றதுல இன்னா தப்பு? கொடி இல்லன்னா புள்ளைக்கு சோறு ஏது? இந்த நேரத்துல ஆள மாத்துனா நாடு செதறிடும். எங்க மில்லுல பாத்தனே... மேனேஜர மாத்துனாங்க. அடுத்த வருசம் கேட்டுல பூட்டு."

"ண்ணே, அது பொறந்த புள்ள. ரோட்டுல உக்காந்து ஆறு மாசமா கத்துது. இன்னமும் கொடியோடவே வெச்சிருப்பீங்களா?" என்றாள் ரெஜினா.

"கத்துதுன்னா பசிக்குதுன்னு அர்த்தம். கொடிதான சோறு ஊட்டுது?"

"ஊட்டுனா ஏன் பசிக்குது?"

விவாதம் சூடு பிடித்தது. நானும் விடவில்லை. "தலைவர்கள் தங்களைக் கேப்டன்னு சொல்லிக்கிறதைப் பார்த்திருக்கேன், சிங்கம்னு சொல்லிக்கிறதைப் பார்த்திருக்கேன். தொப்புள்கொடின்னு சொல்லிக்கிட்டது இவர் ஒருத்தர்தான்" என்றேன். நல்ல கைதட்டல்.

கடைசியில் எல்லோரும் எமிலி அக்காவைப் பார்த்தோம். முப்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். இந்தத் தெருவில் பாதிப் பேரை முதன்முதலில் தொட்டது அவர் கைதான். மடியில் வேர்க்கடலையை வைத்து உரித்துக்கொண்டிருந்தார்.

"புள்ள அழுவுதுன்னா என்னா அர்த்தம்?" என்றார், தலையைத் தூக்காமலேயே. "வெளிய வந்துடுச்சின்னு அர்த்தம். தானா மூச்சு வுடுதுன்னு அர்த்தம். நாங்க அந்த அழுகைக்குத்தான் காத்துக்கினு நிப்போம். நல்லா அழுதுச்சின்னா கிளிப்பப் போட்டு அறுத்துட வேண்டியதுதான். அழாத புள்ளைக்குத்தான் பதறிக்கினு ஓடுவோம்."

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. லூர்துசாமிகூடச் சிரித்துவிட்டார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன் – "பத்திக்கு விஷயம் கிடைச்சாச்சு! தான் இல்லாட்டி எல்லாம் போயிடும்னு நெனச்சிக்கிட்டு ஒரு ஆளு எத்தனை வருஷம்தான் உட்கார்ந்திருப்பான்? பக்கத்துல இருக்கறவங்க யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை.

லூர்துசாமி மழையைப் பார்த்தார். ரெஜினா போனைப் பைக்குள் வைத்தாள். வைத்த பிறகும் பைக்குள்ளேயே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எமிலி அக்கா ஒரு கை வேர்க்கடலையை என் பக்கம் நீட்டி, "இந்தா தம்பி, சாப்புடு" என்றார்.

வாராவாரம் ஊரை உற்றுக் கவனித்து எழுதுகிறவன் நான். ஆனால் எனக்கு உறைத்தது, குடையை விரித்துக்கொண்டு தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான். 'தலைமை விஷயம் அடுத்த ஞாயிறு பேசிக்கலாம்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர்கள் அதைத்தானே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்?

கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம்! எத்தனை ஆணி, எத்தனை ஒயர், எத்தனை தடவை கையைக் கிழித்துக்கொண்டிருப்பேன்? ஒரு தடவை புல் உயரமாக வளர்ந்ததற்கு இப்படியா?

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது. சாயங்காலம் அங்கே வண்டிகளை விட மாட்டார்கள் என்பதால் சாலை முழுக்க வெறும் ஈரம், அதில் விளக்குகளின் மஞ்சள். நடக்கிறவர்கள் எல்லோரும் கால் தரையில் படாமல் போவது மாதிரி இருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

இந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் எங்கோ அந்தத் தலைவரும் தன் மாளிகை ஜன்னலில் நின்றுகொண்டிருப்பார் என்று தோன்றியது. கதவுக்கு வெளியே ஜனங்களின் கூச்சல். உள்ளே, நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாத ஒரு மனிதர். அவரும் பயந்துதான் வயிற்றில் கை வைத்திருப்பாரோ? சிரித்த சிரிப்பெல்லாம் எங்கேயோ போய், அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. தன் மேலேயே இரக்கப்படுவதற்கு இதைவிடக் கௌரவமான வழி உண்டா, சொல்லுங்கள்?

பாறைகளுக்குப் பக்கத்தில் நின்று எமிலி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஒரு சந்தேகம். அறுத்ததுக்கு அப்புறம் கொடி என்ன ஆகும்?"

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "வயித்தோட ஒரு துண்டு ஒட்டிக்கினு இருக்கும் தம்பி. காஞ்சி, அதுவா வுழுந்துடும். ஒரு வாரம், பத்து நாளு."

"அப்புறம் தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"யாரு தூக்கிப் போடுவாங்க? தாயத்துல வெச்சி இடுப்புல கட்டுவாங்க. ஒனக்கும் கட்டியிருப்பாங்க." பின்னால் டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. "ஆனா ஒண்ணு. அதப் புடுங்கக் கூடாது. சில தாயிங்களுக்குப் பொறுமை இருக்காது, புடுங்கிடுவாங்க. ரத்தமா வரும், நாங்க திட்டுவோம்."

"ம்."

"அதனாலதான் தம்பி நாங்க யாரும் புடுங்கல."

"வெச்சிடறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மழை நின்றுவிட்டிருந்ததால் அதன் மேல் பழி போடவும் வழியில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தபோது ஒரு கனவு. புல்லுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேல் வளர்ந்த கேழ்வரகுப் புல். ஈரமாக, இளம் பச்சையாக, வெளிச்சம் உள்ளே வடிந்து வருகிறது. பயமாகவே இல்லை, ரொம்ப அழகாக இருக்கிறது. எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது. அந்தப் பக்கம் போகிறேன். விலக்க விலக்கப் புல். பக்கத்தில்தான் கேட்கிறது, ஆனால் குடில் எங்கே என்று தெரியவில்லை. யாரையாவது கேட்கலாமென்றால், ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து என்னை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன. இவ்வளவு புல்லையும் விதைத்தது நான்தான் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது...

"இன்னாங்க! எழுந்திருங்க!"

மரி நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி. ஒரு கையில் என் நேற்றைய சட்டை, இன்னொரு கையில் மடித்த காகிதம்.

"போன வருசம் பாக்கெட்ட பாக்காம மெஷின்ல போட்டுட்டேன், கூழாப் போச்சு. அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான். இதயும் தொவச்சிடட்டுமா?"

வாங்கிப் பிரித்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

மலையும் இல்லை, குகையும் இல்லை. வீராம்பட்டினம் கடற்கரை மாதிரி ஒரு கரை. நீலத் துணியில் கடல். கரையில் ஏற்றிப் போட்ட கட்டுமரம், காயும் வலை. வலைக் குவியலின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மரியாள். பக்கத்தில் மீன் கூடையில் வைக்கோல் – அதுதான் தொட்டில். மேய்ப்பர்களுக்குப் பதில், கடலிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மீனவர்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டிருந்தாள். ஒயர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூட அம்புக்குறி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சின்ன எழுத்தில், பென்சிலில் – 'சார் சம்மதித்தால்'.

அந்த இரண்டு வார்த்தையைப் படித்தபோது எனக்கு வந்தது வெட்கம். வேறு எந்தப் பெயரும் அதற்குக் கிடையாது. ஒரு பெண் மூன்று வருடம் என் சம்மதத்துக்குக் காத்திருக்கிறாள், நான் அதை வாஷிங் மெஷினில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குது இல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன். என் குடிலைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல இன்னும் இரண்டு நாள் ஆனது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில், யாரும் ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே எழுந்தேன். பெரிய பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "ரெஜினா, இந்த வருஷத்துலேர்ந்து நீ பாரும்மா" என்பது மட்டும்தான் வந்தது. சுத்தியலை அவளிடம் கொடுத்தேன்.

"நெசமாவா சார்?" என்றாள். லூர்துசாமி பழைய பிரெஞ்சு மரியாதையோடு, "முசியே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எமிலி அக்கா வேர்க்கடலைப் பையை முழுசாக என்னிடம் தள்ளிவிட்டார்.

ரெஜினா நேரத்தை வீணாக்கவில்லை. அங்கேயே நோட்டை எடுத்தாள். லூர்துசாமி அண்ணனுக்குக் கட்டுமரம், எமிலி அக்காவுக்குத் துணி, இன்னும் ஏழெட்டுப் பேருக்கு ஏழெட்டு வேலை. எழுதி முடித்து நோட்டை மூடினாள்.

"எனக்கு?" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க வெள்ளோட்டம் அன்னிக்கி பாக்க வாங்க சார். அதுவரைக்கும் கொட்டாய்க்குள்ள வராதீங்க."

வலித்தது. பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் லேசாகவில்லை. இரண்டு வாரம் தினம் மூன்று தடவை கொட்டகைப் பக்கமாக நடந்தேன். உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்கும். அந்த ஆணி கோணலாகத்தான் போகிறது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். கை துறுதுறுக்கும். மரி பின்னாலிருந்து, "உள்ள போவாதீங்க" என்பாள். திரும்பி வந்து காபி குடிப்பேன். அந்த நாட்டுத் தலைவரோ இன்னும் நகரவில்லை. இப்போது தன்னை நாட்டின் முதுகெலும்பு என்று சொல்லியிருக்கிறாராம். எமிலி அக்காவிடம் காட்டினேன். "எலும்பு என் டிப்பார்ட்மெண்ட் இல்ல" என்றுவிட்டார்.

நேற்று முன்தினம் சாயங்காலம் வெள்ளோட்டம். விளக்குகளைப் போட்டுப் பார்க்கும் நாள். மரியும் நானும் போய்த் தெருவில் மற்றவர்களோடு நின்றோம். கொட்டகைக்கு முன்னால் ஒரு பழைய திரை. உள்ளே இருட்டு. லேசான தூறல், யாரும் குடையை விரிக்கவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நேரத்துக்கு எப்போதுமே நான் உள்ளே, மலைக்குப் பின்னால், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருப்பேன். அங்கிருந்து தெரிவது மூங்கிலும் சணல் முடிச்சும் பிளைவுட்டின் முதுகும்தான். வெளியே ஜனங்கள் 'ஆ...' என்பது காதில் விழும். விழுந்தால் சரி, எரிகிறது என்று அர்த்தம்.

திரை விலகியது. முதலில் கடல் எரிந்தது, மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து நீலம் பரவி வந்தது. அப்புறம் வலை. அப்புறம் கட்டுமரத்துக்கு அடியில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. குழந்தை இயேசுவைக் கிறிஸ்துமஸ் ராத்திரிதான் வைப்போம், கூடையில் இப்போது வைக்கோல் மட்டும் இருந்தது. சுற்றி நின்ற அத்தனை முகத்திலும் அந்த வெளிச்சம் விழுந்தது. பால்காரர், எதிர்வீட்டுப் பெண், யாரோ ஒருவரின் தோளில் பாதித் தூக்கத்தில் ஒரு குழந்தை. ஒரே நேரத்தில் எல்லோரிடமிருந்தும் அந்த 'ஆ...' வந்தது. அதில் என் குரலும் இருந்தது.

மரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க, ஏன் அழுவறீங்க?" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் குடில் கட்டியிருக்கிறேன். பார்த்தது இதுதான் முதல் தடவை.